கையும் களவும்: விக்தோர் ஹியூகோவின் ‘லே மிசெராப்ள’ நாவலில் பிடிபடுதலும் பொறுப்பேற்றலும்

ஆய்வுச் சுருக்கம்

கடையில் திருடிப் பிடிபட்டவனின் வாழ்வு அதன்பின் என்னவாகிறது என்னும் வினாவை விரிவாக எழுப்பிய புனைவுகளுள் விக்தோர் ஹியூகோவின் ‘லே மிசெராப்ள’ (1862) குறிப்பிடத்தக்கது. இந்நாவலைப் பசியின் கதையாகவோ, ஆயரின் கருணையால் திருந்திய கள்வனின் கதையாகவோ படிப்பதே பெருவழக்கு. நாவலின் நான்கு திருட்டு நிகழ்ச்சிகளையும் அவற்றில் பிடிபடுதல் நிகழும் முறையையும் இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. தண்டனையோ மன்னிப்போ தனித்து நின்று கதைத்தலைவன் ழான் வல்ழானை மாற்றவில்லை. எவரும் பிடிக்காத ஒரு திருட்டே அவனைப் பொறுப்பேற்கச் செய்கிறது என்பது இதன் கருதுகோள். அப்பொறுப்பைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு சட்டத்திடமும் சமூகத்திடமும் இல்லை என்பதே ஹியூகோவின் முதன்மைக் குற்றச்சாட்டு என்பதும் நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஹியூகோ, ழான் வல்ழான், திருட்டு, பிடிபடுதல், தண்டனை, மன்னிப்பு, பொறுப்பேற்றல், ஏழை படும் பாடு.

முன்னுரை

திருடியவன் பிடிபடுவதைக் குறிக்கத் தமிழில் ‘கையும் களவுமாக’ என்னும் தொடர் வழங்குகிறது. கை செய்தவனையும் களவு எடுத்த பொருளையும் சுட்ட, இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கக் காண்பதே குற்றத்துக்குப் போதிய சான்று என்பது இத்தொடரின் உட்கிடை. அவ்வாறு கண்டபின் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அத்தொடர் எதுவும் கூறுவதில்லை. பிடித்தவர் அடிக்கலாம், காவலரிடம் ஒப்படைக்கலாம், அறிவுரை கூறி அனுப்பலாம், கண்டும் காணாதவராக இருந்துவிடலாம். பிடிபட்டவனும் மறுக்கலாம், மன்றாடலாம், ஒப்புக்கொள்ளலாம். இத்தெரிவுகளுள் எது நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே ஒரு திருட்டு ஒருவனின் வாழ்வில் ஒரு நாளின் நிகழ்ச்சியாகக் கழிகிறது, அல்லது வாழ்நாள் அடையாளமாக நிலைக்கிறது.

‘லே மிசெராப்ள’ இவ்வினாவையே மையமாகக் கொண்டது. ஒரு ரொட்டிக்கடையில் நிகழும் சிறு திருட்டும் அதற்கான தீர்ப்பும் நாவலில் சில பத்திகளில் முடிந்துவிடுகின்றன. ஐந்து பகுதிகளாக விரியும் மீதிக் கதை, அத்திருட்டின் பின்விளைவுகளோடு ஒரு மனிதன் நடத்தும் போராட்டத்திலிருந்து கிளைப்பது.

தமிழ் வாசகருக்கு இந்நாவல் புதிதன்று. சுத்தானந்த பாரதியார் இதனை ‘ஏழை படும் பாடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். அப்பெயரிலேயே கே. ராம்நாத் இயக்கத்தில், நாகையா நாயகனாக நடிக்க, 1950ஆம் ஆண்டு திரைப்படமும் வெளிவந்தது. காவல் ஆய்வாளர் ஜாவராக நடித்த சீதாராமன் அன்று முதல் ‘ஜாவர் சீதாராமன்’ என்றே அறியப்பட்டார். திருடியவனின் பெயரைவிடப் பிடிக்க வந்தவனின் பெயரே தமிழ்நாட்டு மக்களின் நாவில் நிலைத்தது என்பது எண்ணத்தக்கது.

தலைப்பின் மொழிபெயர்ப்பும் கருதத்தக்கதே. ‘மிசெராப்ள’ என்னும் பிரெஞ்சுச் சொல் வறியவரையும் குறிக்கும். இழிந்தவர், கயவர் எனப் பழிக்கப்படுபவரையும் குறிக்கும். துன்புற்றோரும் இழிவுற்றோரும் ஒரே சொல்லுக்குள் கலந்துவிடும் ஒரு நிலை உண்டு என ஹியூகோவே நாவலின் மூன்றாம் பகுதியில் சுட்டிக்காட்டி, அது யாருடைய குற்றம் என்றும் வினவுகிறார். ‘ஏழை படும் பாடு’ என்னும் தமிழ்த் தலைப்பு முதற்பொருளைத் திறம்பட ஏந்துகிறது, இரண்டாவதை விட்டுவிடுகிறது. பசியால் திருடுபவன் வறியவன். பிடிபட்டபின் அவன் இழிந்தவன். வறுமையிலிருந்து இழிவுக்கு ஒருவனைக் கொண்டுசெல்லும் வழியாகப் பிடிபடுதல் அமைகிறது. தமிழ்த் தலைப்பு விட்ட இடத்திலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

1. ரொட்டி: கை இருந்தது, களவு இல்லை

பிரீ பகுதியைச் சேர்ந்த ஃபாவ்ரோல் என்னும் ஊரில் மரக்கிளை கழித்துப் பிழைப்பவன் ழான் வல்ழான். கணவனை இழந்த தமக்கையும் அவளுடைய ஏழு குழந்தைகளும் அவனை நம்பியிருந்தனர். 1795ஆம் ஆண்டின் கடுங்குளிர்காலத்தில் வேலை இல்லை. வீட்டில் ரொட்டியும் இல்லை. ஒரு ஞாயிறு இரவு, ரொட்டிக்கடைக்காரர் இசபோ உறங்கச் செல்லும் நேரத்தில் கடையின் முகப்புக் கண்ணாடி உடையும் ஓசை கேட்கிறது. கம்பி வலையிலும் கண்ணாடியிலும் ஏற்பட்ட துளை வழியாக ஒரு கை நுழைந்து ரொட்டியை எடுத்துக்கொண்டு மறைவதை அவர் காண்கிறார். துரத்திச் சென்று பிடிக்கிறார். பிடிபட்டவன் அதற்குள் ரொட்டியை எறிந்துவிட்டான். அவன் கையிலிருந்து குருதி வழிந்துகொண்டிருக்கிறது.

இக்காட்சியில் ஹியூகோ முதலில் மனிதனைக் காட்டவில்லை; கையை மட்டுமே காட்டுகிறார். பிடிபட்டபோது கை இருக்கிறது, களவுப் பொருள் இல்லை. சான்றாக நிற்பது ரொட்டியன்று, அக்கையின் காயமே. அவனை அகப்படுத்தியது அவன் உடலில் பட்ட புண். பசித்தவர் எவரும் அந்த ரொட்டியை உண்ணவில்லை என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. திருட்டு நடந்தது, பசி தீரவில்லை.

நீதிமன்றம் இந்நிகழ்ச்சியை வேறு சொற்களில் பதிவு செய்கிறது. இரவு வேளையில், மக்கள் குடியிருக்கும் வீட்டில், உடைத்துச் செய்த திருட்டு என்பது குற்றச்சாட்டு. ஒரு ரொட்டியின் விலை என்ன என்பது கணக்கில் வரவில்லை. எப்படி எடுக்கப்பட்டது என்பது மட்டுமே வந்தது. அவனிடம் துப்பாக்கி இருந்ததும், களவு வேட்டையில் அவனுக்கிருந்த பழக்கமும் அவனுக்கு எதிராயின. ஐந்தாண்டுக் கடின உழைப்புச் சிறை விதிக்கப்பட்டது. 1796ஆம் ஆண்டு ஏப்ரலில் பிசேத்ர் சிறையில் கழுத்து விலங்கு பூட்டப்பட்டபோது அவன் அழுதான். அழுதவாறே வலக்கையை உயர்த்தி, வெவ்வேறு உயரத்தில் உள்ள ஏழு தலைகளைத் தொடுவதுபோல் படிப்படியாகத் தாழ்த்தினான். தான் செய்தது ஏழு குழந்தைகளுக்காக என்பதை அச்செய்கை உணர்த்தியது. கண்ணாடியை உடைத்த கையின் சார்பில் நாவலில் எழுந்த முதல் வாதம் அதுவே. நீதிமன்றத்தில் அதற்கு இடமிருக்கவில்லை.

இக்காட்சிக்குப் பின்னணியாக ஹியூகோ நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1846ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாரிசின் தூர்னோன் தெருவில், ரொட்டி திருடியதற்காக வீரர்கள் ஒருவனை இழுத்துச் செல்வதை அவர் கண்டார். அருகே நின்ற செல்வரின் வண்டியில் ஒரு பெண்மணி இருந்தார். அம்மனிதன் அவரை உற்றுநோக்கினான். அவரோ அவனைக் காணவே இல்லை. இதனைத் தம் குறிப்புகளில் ஹியூகோ எழுதிவைத்தார். 1834ஆம் ஆண்டு வெளியான ‘க்ளோத் கே’ என்னும் அவருடைய கதையும் வறுமையால் நேர்ந்த திருட்டில் தொடங்குவதே. ஒரு ரொட்டித் திருட்டு ஒரு வாழ்வின் அழிவுக்குத் தொடக்கப்புள்ளியாவதைத் தாம் இரண்டாம் முறையாக எதிர்கொள்வதாக ‘லே மிசெராப்ள’வில் அவரே குறிப்பிடுகிறார்.

2. தண்டனையின் கணக்கு

ழான் வல்ழான் சிறையில் கழித்தவை பத்தொன்பது ஆண்டுகள். இவற்றுள் திருட்டுக்கு உரியவை ஐந்து மட்டுமே. தப்பிக்க நான்கு முறை முயன்றதற்காக முறையே மூன்று, ஐந்து, மூன்று, மூன்று எனப் பதினான்கு ஆண்டுகள் சேர்ந்தன. கடைசி முயற்சியில் அவன் வெளியே இருந்தது நான்கு மணி நேரம். அதற்கு மூன்று ஆண்டுகள். தண்டனையின் பெரும்பகுதி குற்றத்துக்கு உரியதாக இல்லாமல், தண்டனையைத் தாங்க முடியாமைக்கு உரியதாக ஆகிவிட்டதை இக்கணக்கு காட்டுகிறது.

இவ்விடத்தில் ஹியூகோ தம் கதைத்தலைவனைக் குற்றமற்றவனாகக் காட்டவில்லை என்பதை வலியுறுத்த வேண்டும். சிறையில் ழான் வல்ழான் தனக்குள் ஒரு நீதிமன்றத்தை அமைத்து, முதலில் தன்னையே விசாரிக்கிறான். கேட்டிருந்தால் அந்த ரொட்டி கிடைத்திருக்கலாம், பொறுத்திருந்திருக்கலாம், திருட்டால் வறுமையிலிருந்து மீள முடியாது எனத் தன் தவறை ஒப்புக்கொள்கிறான். அதன்பின் சமூகத்தை விசாரிக்கிறான். உழைக்க விரும்பியவனுக்கு உழைப்பு இல்லாமற்போனது யார் குற்றம்? தண்டனை குற்றத்தைவிடப் பெரிதாகிவிட்டால் குற்றவாளியின் இடத்துக்கு வருபவர் யார்? இவ்விசாரணையின் முடிவில் சமூகத்துக்கு அவன் அளிக்கும் தண்டனை வெறுப்பு.

இங்குத் தண்டனையின் உளவியல் விளைவு தெளிவாகிறது. தவறை ஒப்புக்கொள்ளும் மனநிலை தொடக்கத்தில் அவனிடம் இருந்தது. தண்டனையின் மிகை அதனை அழித்தது. கடனைக் காட்டிலும் பன்மடங்கு வசூலிக்கப்பட்டவன் தன்னைக் கடனாளியாக உணர்வதில்லை. கடன் கொடுத்தவனாகவே உணர்கிறான். பத்தொன்பது ஆண்டு உழைப்புக்குரிய கூலியில் சிறை நிருவாகம் பலவகையாகப் பிடித்தம் செய்துகொண்டபோது, திருடப்பட்டவன் தானே என அவன் கருதியது இதன் தொடர்ச்சி.

குடும்பத்தின் மீதான விளைவு இதனினும் கொடிது. எந்தக் குழந்தைகளுக்காகத் திருடினானோ அக்குழந்தைகள் அவன் வாழ்விலிருந்தே மறைந்துபோகின்றனர். சிறையிலிருந்த காலத்தில் ஒரே ஒருமுறை செய்தி வருகிறது: தமக்கை பாரிசில் இருக்கிறாள், அவளுடன் கடைசிக் குழந்தை மட்டுமே இருக்கிறது. மற்ற அறுவர் பற்றித் தகவலே இல்லை. ஒருவனைத் தண்டிக்கும் தீர்ப்பு அவனை நம்பியிருந்த எண்மரையும் சேர்த்தே தண்டித்தது.

1815ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதலையானவனுக்கு மஞ்சள் கடவுச்சீட்டு வழங்கப்படுகிறது. செல்லும் ஊர்தோறும் அதனைக் காட்ட வேண்டும். கிராஸ் நகரில் ஒருநாள் சுமை இறக்கி உழைத்தவனுக்கு, அத்தாள் வெளிப்பட்டவுடன் கூலி குறைக்கப்படுகிறது. தீஞ் நகரில் கையில் பணம் இருந்தும் சத்திரங்களில் இடம் மறுக்கப்படுகிறது. சிறைக்கூடத்தின் வாயிலிலும் அவனுக்கு இடமில்லை. நாயின் கொட்டிலிலிருந்தும் விரட்டப்படுகிறான். தீர்ப்பு முடிந்தபின்னும் பிடிபடுதல் முடியவில்லை. புதிய ஊர் ஒவ்வொன்றிலும் அவன் மீண்டும் பிடிபடுகிறான்.

3. வெள்ளிப் பாத்திரங்கள்: களவு இருந்தது, குற்றம் மறைந்தது

அனைவரும் மறுத்த இரவில் ஆயர் மிரியேல் உணவும் படுக்கையும் அளிக்கிறார். அவருடைய வெள்ளி உணவுக்கருவிகளைத் திருடிக்கொண்டு ழான் வல்ழான் வெளியேறுகிறான். மறுநாள் காலையில் காவலர் மூவர் அவனைப் பிடித்துக் கொண்டுவருகின்றனர். முதல் நிகழ்ச்சிக்கு மாறாக இங்குக் கையும் இருக்கிறது, களவும் இருக்கிறது. சான்றில் குறையில்லை. ஆயினும் ஆயர், அப்பொருள்கள் தாம் கொடுத்தவை என்று கூறி, வெள்ளி விளக்குத்தண்டுகளை ஏன் விட்டுச் சென்றாய் என்றும் கேட்டு, அவற்றையும் அளிக்கிறார்.

இக்காட்சி கருணையின் உச்சமாகப் போற்றப்படுவது இயல்பே. எனினும் இதில் இரண்டு செய்திகள் கூர்ந்து நோக்கத்தக்கன. முதலாவது, ஆயர் வெறுமனே மன்னிக்கவில்லை; உடைமை பற்றிய கணக்கையே மாற்றி எழுதுகிறார். திருட்டு தெரிந்தவுடன், காவலர் வருவதற்கு முன்பே, அந்த வெள்ளி ஏழைகளுக்கு உரியது, அதைத் தாம் நெடுநாள் வைத்திருந்ததே தவறு என இல்லத்துப் பணிப்பெண்ணிடம் அவர் கூறிவிடுகிறார். ஆதலால் காவலரிடம் சொன்னது அவர் மனத்தளவில் முழுப் பொய்யன்று. இரண்டாவது, ஆயரின் சொல் ழான் வல்ழானைத் தண்டனையிலிருந்து காப்பாற்றும் அதே வேளையில், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாய்ப்பையும் அவனிடமிருந்து எடுத்துவிடுகிறது. நேர்மையானவனாக வாழ்வதாக அவன் வாக்களித்திருப்பதாக ஆயர் கூறுகிறார். அப்படியொரு வாக்கை அளித்ததாக அவனுக்கு நினைவே இல்லை. மன்னிப்பு அவன்மீது இறங்கிவிட்டது. அவன் இன்னும் எதையும் ஏற்கவில்லை.

ஆகவே ஆயர் இல்லத்திலிருந்து வெளியேறுபவன் திருந்தியவன் அல்லன், குழம்பியவன். தண்டனை பத்தொன்பது ஆண்டுகளில் கட்டியெழுப்பிய வெறுப்பின் அடித்தளத்தை மன்னிப்பு அசைத்துவிட்டது. அதன் இடத்தில் வேறொன்றை இன்னும் வைக்கவில்லை. இதற்கு நாவலே சான்று தருகிறது. அடுத்து அவன் செய்வது மற்றொரு திருட்டு.

4. நாற்பது சூ: எவரும் காணாத திருட்டு

அன்று மாலை, ஆளரவமற்ற வெளியில் அமர்ந்திருக்கும் ழான் வல்ழானின் அருகே, சவாய் நாட்டைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுவன் ழெர்வே தன் காசுகளை எறிந்து பிடித்து விளையாடியவாறு வருகிறான். நாற்பது சூ மதிப்புள்ள ஒரு நாணயம் உருண்டு வந்து விழ, ழான் வல்ழான் அதன்மீது காலை வைத்துவிடுகிறான். சிறுவன் கெஞ்சுகிறான், அழுகிறான். இறுதியில் அஞ்சி ஓடுகிறான். சற்று நேரம் கழித்தே காலடியில் மின்னும் காசை ழான் வல்ழான் காண்கிறான்.

இங்குத் திருடியது கையன்று, கால். ரொட்டிக்குப் பசி காரணமாயிற்று. வெள்ளிக்குப் பகை காரணமாயிற்று. இதற்கு எக்காரணமும் இல்லை. அவனிடம் அப்போது ஆயர் அளித்த வெள்ளி முழுவதும் இருந்தது. சிறைவாழ்வின் பழக்கம் தானாகவே இயங்கியதாகவே ஹியூகோ இதனை விளக்குகிறார். மேலும், இத்திருட்டைக் கண்டவர் எவருமில்லை. இழந்தவன் ஏழைச் சிறுவன்; அவன் ஓடிவிட்டான்.

இதன்பின் நிகழ்வதே நாவலின் திருப்புமுனை என்பது இக்கட்டுரையின் கருத்து. ழான் வல்ழான் சிறுவனைத் தேடிப் பெயர் சொல்லிக் கூவியவாறு ஓடுகிறான். குதிரையில் வரும் ஒரு குருவிடம் சிறுவனைப் பற்றிக் கேட்கிறான். ஏழைகளுக்காகப் பணம் கொடுக்கிறான். தான் ஒரு திருடன் என்றும் தன்னைப் பிடித்துக்கொடுக்குமாறும் வேண்டுகிறான். அக்குருவோ அச்சத்தில் குதிரையை விரட்டிச் சென்றுவிடுகிறார். அதன்பின் அவன் தரையில் விழுந்து அழுகிறான். பத்தொன்பது ஆண்டுகளில் அவன் அழுவது அதுவே முதன்முறை.

முன்னர் விலங்கு பூட்டப்பட்டபோது சிந்திய கண்ணீர் தனக்கும் தன்னவர்க்கும் இழைக்கப்பட்டதை எண்ணிய கண்ணீர். இக்கண்ணீர் தான் இழைத்ததை எண்ணியது. முதல் திருட்டில் இசபோ பிடித்தார். இரண்டாவதில் காவலர் பிடித்தனர். மூன்றாவதில் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறான். பிடிப்பவர் வெளியே இருக்கும்வரை தப்பித்தல் என்பது ஒரு வழியாக இருந்தது. அவ்வழி இங்கு அடைபடுகிறது. ‘கருணையால் திருந்தினான்’ என்னும் வழக்கமான விளக்கம் இவ்வத்தியாயத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. ஆயரின் கருணை இல்லாமல் இக்கண்ணீர் இல்லை என்பது உண்மை. ஆனால் கருணை மட்டும் இக்கண்ணீரைத் தரவில்லை என்பதும் உண்மையே.

5. ஆராஸ் நீதிமன்றம்: பிறன் கையில் தன் களவு

ஆண்டுகள் கழிகின்றன. வேறு பெயரில் ஒரு நகரின் தொழிலதிபராகவும் மேயராகவும் மதிக்கப்படும் ழான் வல்ழானுக்கு, ஆராஸ் நகரில் ஷான்மத்தியே என்னும் முதியவர் ‘ழான் வல்ழான்’ என்று தவறாக அடையாளம் காணப்பட்ட செய்தி வருகிறது. ஆப்பிள்கள் தொங்கும் முறிந்த கிளை ஒன்றைக் கையில் வைத்திருந்தபோது அவர் பிடிபட்டார். கீழே கிடந்ததை எடுத்தேன் என்கிறார். கிளையின் மதிப்பு அற்பம். ஆனால் அவர் மீள்குற்றவாளியாகிய ழான் வல்ழான் என்று உறுதிப்பட்டால் வாழ்நாள் முழுதும் சிறை. முன்னாள் கைதிகள் மூவர் அவரே ழான் வல்ழான் எனச் சான்றளிக்கின்றனர்.

இங்குக் கையும் களவும் சேர்ந்தே இருக்கின்றன; ஆள் மட்டும் வேறு. முன்குற்றப் பதிவு என்பது ஒரு மனிதனிடமிருந்து பிரிந்து, வேறொருவர்மீதும் சென்று ஒட்டிக்கொள்ளக்கூடியது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. தம்மை விளக்கத் தெரியாத அம்முதியவரின் தடுமாற்றம் நீதிமன்றத்தில் நகைப்பையே உண்டாக்குகிறது. ஏழையின் சொல்லுக்குச் சான்றின் மதிப்பில்லை.

ஓர் இரவு முழுதும் மனப்போராட்டத்தில் கழித்த ழான் வல்ழான், நீதிமன்றத்தில் எழுந்து தன்னை வெளிப்படுத்துகிறான். மதிப்புக்குரிய மேயரின் மனம் பிறழ்ந்துவிட்டது என்றே அனைவரும் முதலில் எண்ணுகின்றனர். சான்றளித்த கைதிகளின் உடலிலும் உடையிலும் இருந்த அடையாளங்களை எடுத்துக்கூறி, தான் குற்றவாளி என்பதை அவன் வாதாடி நிறுவ வேண்டியிருக்கிறது. சிறுவன் ழெர்வேயிடம் திருடிய நாணயம் தன் வீட்டு அடுப்புச் சாம்பலில் கிடைக்கும் என்றும் கூறுகிறான். எவரும் காணாத திருட்டு அவன் வாயாலேயே நீதிமன்றப் பதிவில் ஏறுகிறது. பின்னர், தான் எங்கிருப்பேன் என்பது அரசு வழக்கறிஞருக்குத் தெரியும் எனச் சொல்லி வெளியேறுகிறான். அவனைப் பிடிக்க ஒரு கையும் நீளவில்லை.

6. பெற்றுக்கொள்வார் இல்லாத பொறுப்பு

மேற்கண்ட நிகழ்ச்சிகளில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. ழான் வல்ழான் தப்ப விரும்பும்போதெல்லாம் அவனைப் பிடிக்க ஆள் இருக்கின்றனர். தானே முன்வந்து பொறுப்பேற்கும்போது பெற்றுக்கொள்ள எவருமில்லை. குதிரையில் வந்த குரு ஓடுகிறார். ஆராஸ் நீதிமன்றம் திகைத்து நிற்கிறது. அந்த ஒப்புதலுக்குச் சட்டம் பின்னர் அளித்த விடையோ மரண தண்டனை. அது வாழ்நாள் கடின உழைப்பாகக் குறைக்கப்படுகிறது. அகப்பட்டவனுக்கும் தானே வந்தவனுக்கும் இடையே சட்டம் வேறுபாடு காணவில்லை.

மூன்றாவதாக, 1833ஆம் ஆண்டு கோசெத்தின் திருமணத்துக்கு மறுநாள், எவரும் கேளாமலேயே மாரியூசிடம் தான் முன்னாள் கைதி என்பதை அவன் வெளியிடுகிறான். அன்று உயிர்வாழ ஒரு ரொட்டியைத் திருடியவன், இன்று உயிர்வாழ ஒரு பெயரைத் திருட விரும்பவில்லை என்பது அவன் தரும் காரணத்தின் சாரம். மாரியூஸ் காவலரை அழைக்கவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. ஆனால் கோசெத்தைக் காண வரும் அறையில் கணப்பின் நெருப்பு அணைக்கப்படுகிறது. பின்னர் நாற்காலிகளும் அகற்றப்படுகின்றன. மஞ்சள் கடவுச்சீட்டு இல்லாமலேயே சத்திரத்தின் மறுப்பு குடும்பத்துக்குள் மீண்டும் நிகழ்கிறது. சட்டம் செய்ததைச் சமூகம் மென்மையாகச் செய்கிறது.

காவல் ஆய்வாளர் ழாவேரின் முடிவையும் இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள முடியும். சிறையில் பிறந்த ழாவேருக்குப் பிடித்தல், தண்டித்தல் என்னும் இரண்டு வினைகள் மட்டுமே தெரியும். மேயரைத் தவறாகக் குற்றஞ்சாட்டிவிட்டதாகக் கருதியபோது, தம்மைப் பணியிலிருந்து நீக்குமாறு அவரிடமே சென்று வேண்டியவர் அவர். தமக்கும் அதே அளவுகோலைப் பொருத்தும் நேர்மையாளர். 1832ஆம் ஆண்டு ஜூன் கிளர்ச்சியில் தம் உயிரைக் காத்தவனைப் பிடிக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் அவர் செய்ன் ஆற்றில் மூழ்குகிறார். தானே பொறுப்பேற்றுக்கொண்ட ஒருவனை என்ன செய்வது என்பதற்குச் சட்டத்திடம் விடையில்லை என்பதை அம்மரணம் சொல்கிறது.

7. ஒரு மறுப்பும் ஒரு குறையும்

பொறுப்பேற்றலை இவ்வாறு முதன்மைப்படுத்துவது, வறுமைக்குக் காரணமான சமூகத்தை விடுவித்துவிடாதா என்னும் மறுப்பு எழலாம். அது நியாயமான மறுப்பே. ஆனால் ஹியூகோ இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றாக வைக்கவில்லை. சிறையில் ழான் வல்ழான் நடத்திய விசாரணையில் இரு தரப்பும் குற்றவாளிகளே. பின்னர் ஒரு தரப்பு தன் பங்கை ஏற்கிறது. மறுதரப்பு இறுதிவரை ஏற்கவில்லை. இச்சமனின்மையே நாவலின் குற்றச்சாட்டு. கதைத்தலைவனின் நேர்மை சமூகத்தின் குற்றத்தைக் குறைக்கவில்லை. அதனை மேலும் தெளிவாகக் காட்டுகிறது.

நாவலில் வேறொரு குறை உண்டு. இழந்தவர்களின் குரல் பெரும்பாலும் கேட்பதில்லை. கண்ணாடி உடைபட்ட கடைக்காரர் இசபோ ஒரு பத்தியோடு மறைகிறார். ஒரு ரொட்டிக்கு ஐந்தாண்டு என்பதை அவர் விரும்பினாரா? தெரியவில்லை. சிறுவன் ழெர்வேயும் மீண்டும் வரவேயில்லை. ழான் வல்ழான் பிற்காலத்தில் ஊருக்கு வரும் சவாய்ச் சிறுவர்களை எல்லாம் அழைத்துப் பெயர் கேட்டுப் பணம் கொடுக்கிறான். உரியவனிடம் அந்த நாணயம் சேரவில்லை. இழப்புக்கு உள்ளானவர்களுள் தம் விருப்பப்படி விளைவைத் தீர்மானித்தவர் ஆயர் ஒருவரே. திருட்டு என்பது இருவருக்கிடையே நிகழ்ந்த ஒன்று என்பதை மறந்து, அதனை அரசுக்கும் திருடியவனுக்கும் இடையிலான வழக்காக மாற்றும் சட்டத்தின் போக்கை நாவலும் ஓரளவு பின்பற்றிவிடுகிறது.

நாவல் எழுப்பிய வினாவுக்கு நீதிமன்றம் வேறுவகையில் விடை காண முயன்ற நிகழ்ச்சி, பிரான்சிலேயே பின்னர் நடந்தது. 1898ஆம் ஆண்டு ஷாத்தோ-தியெரி நீதிமன்றத்தின் தலைவர் போல் மஞ்ஞோ, ஒன்றரை நாள் உணவின்றிக் கிடந்து, ரொட்டிக்கடையில் ரொட்டி திருடிய ஓர் இளம் தாயை விடுதலை செய்தார். தாயொருத்தி தன் குற்றமின்றியே உணவில்லாத நிலைக்குத் தள்ளப்படுவது நல்லமைப்புள்ள சமூகத்தில் வருந்தத்தக்கது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. ஆமியேன் மேல்முறையீட்டு மன்றம் அவ்விடுதலையை உறுதிசெய்தபோதும், பசியின் வலுவந்தம் என்னும் காரணத்தை ஏற்காமல், குற்ற நோக்கம் நிறுவப்படவில்லை என்னும் குறுகிய காரணத்தையே கூறியது. கடுங்குளிரில் அழுத ஏழு குழந்தைகளைக் கேட்க மறுத்த நீதிமன்றத்துக்கும், ஒரு குழந்தையின் பசியைக் கேட்ட நீதிமன்றத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இருந்தது.

முடிவுரை

நான்கு நிகழ்ச்சிகளையும் ஒருசேர நோக்கும்போது பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ‘லே மிசெராப்ள’வில் திருட்டின் விளைவைத் தீர்மானிப்பது திருடப்பட்ட பொருளின் மதிப்பன்று; பிடித்தவர் யார், பிடித்தபின் என்ன செய்தார் என்பதே. ரொட்டி பத்தொன்பது ஆண்டுகளைத் தந்தது. வெள்ளி விடுதலையைத் தந்தது.

இரண்டாவது, தண்டனையை அனுபவித்தலும் பொறுப்பேற்றலும் ஒன்றல்ல. முன்னது பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தும் பின்னதை உண்டாக்கவில்லை, இருந்ததையும் அழித்தது. மன்னிப்பு அதற்கு வழிதிறந்தது. பொறுப்பேற்றல் நிகழ்ந்ததோ, பிடிக்க எவருமில்லாத வெட்டவெளியில்.

மூன்றாவது, பொறுப்பேற்க முன்வந்தவனைப் பெற்றுக்கொள்ள குரு, நீதிமன்றம், குடும்பம் ஆகிய மூன்றுமே தவறின. பெற்றுக்கொள்ளுதல் என்பது மன்னித்து மறத்தலும் அன்று, முத்திரையிட்டு விலக்கலும் அன்று. இழப்பை ஈடுசெய்யவும், ஈடுசெய்தபின் மற்றவர்போல் கூலியும் இருக்கையும் பெற்று வாழவும் இடமளித்தலே அது.

இந்நாவலை வகுப்பறையில் பயிற்றுவிக்கும்போது ஆயரின் விளக்குத்தண்டுகளோடு நின்றுவிடாமல், காலடியில் கிடந்த நாற்பது சூ நாணயம் வரை செல்வது இன்றியமையாதது. பிடிபட்ட மாணவனையோ, பணியாளையோ, அண்டை வீட்டுச் சிறுவனையோ எதிர்கொள்ள நேரும் ஒவ்வொருவரும் ஒரு கணம் இசபோவின் இடத்திலும், ஆயரின் இடத்திலும், குதிரையில் வந்த குருவின் இடத்திலும் நிற்கின்றனர். கையையும் களவையும் காண்பது எளிது. அவற்றுக்குப்பின் நிற்கும் மனிதன் தன் கணக்கைத் தானே தீர்க்க முன்வரும்போது ஓடாமல் நிற்பதே அரிது.